தம்பி கல்யாணத்துக்கு ஒரு ஸ்பேர் கேமரா

பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். வெயிலில் குவிலென்ஸைப் பிடித்தால் அடியில் வைத்த காகிதம் கருகும் என்பதை வருஷாவருஷம் பள்ளி மைதானத்தில் செய்துகாட்டி, பிள்ளைகள் கைதட்டுவதை அடக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறவள். அப்பேர்ப்பட்டவள் போன சித்திரையில் வைகைக் கரையோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, கேமராவை மல்லாக்க சீட்டின்மேல் வைத்துவிட்டு, நுங்கு தின்னப் போனேன். உச்சி வெயில். லென்ஸ் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நுங்கு நல்ல இளசு என்பதால் இன்னும் கொஞ்சம் சீவச் சொல்லித் தின்றேன்.

என்ன செய்தேன் என்பது ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் வலது மேல் ஓரத்தில், ஒரே இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. என் கேமரா ஃபிலிம் போட்டு எடுக்கிற பழைய சாமான். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருப்பது ஒரு கறுப்புத் துணித்திரை மட்டும்தான். அந்தத் துணியில் சூரியன் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே படம், அதே அம்புக்குறி. மறுநாள் வகுப்பில் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். இதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும், அதன் நடுவே மங்கலான ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஆளோ மரமோ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸை மெல்லத் திருகினால் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்ததும் அமுக்க வேண்டும். பொருத்தம் பார்க்கிற வேலைதான். ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று கட்டிவைத்தும் பொருந்தாத எனக்கு, இந்தக் கட்டத்துக்குள் எல்லாமே பொருந்துகிறது என்று ஒரு தடவை தம்பியிடம் சொன்னேன். நான் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான்.

ஆமாம், நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அடி, உதை, குடி என்று எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து மெல்ல மெல்ல மூச்சு முட்டினோம், அவ்வளவுதான். அடி உதை இருந்திருந்தால் ஊருக்குச் சொல்லிக்கொள்ளச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனையூரில் அம்மாவும் தம்பியும் இருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். கோர்ட்டு வேலையெல்லாம் முடிந்த வருஷம்தான் இந்தக் கேமராவை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த காலம் அது.

அதன் ஓட்டையைச் சென்னையில் ஒரு ரிப்பேர்காரர் கறுப்பு ரப்பர் பெயிண்ட் வைத்து அடைத்துக் கொடுத்தார். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டியது மாதிரி இருந்தது. இனி ஒன்றும் ஆகாது என்றார். பார்சலைப் பிரித்த அதே வாரத்தில் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. பெண் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். பெண் அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆவணியில் முகூர்த்தம்.

முகூர்த்தத் தேதி முடிவான அன்றே, யாரும் கேட்காமல், கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுப்பேன் என்று அறிவித்துவிட்டேன். பெண் வீட்டார் ஏற்கெனவே ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆல்பம், வீடியோ, மேலே பறந்து எடுக்கிற டிரோன் எல்லாம் உண்டு. என் கறுப்பு வெள்ளைப் படம் இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனால் எனக்கு வந்துவிடும். கழுத்தில் கேமரா தொங்கினால் நான் படம் எடுக்கிறவள். அது இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளையின் அக்கா என்றால் அடுத்த கேள்வி, வீட்டுக்காரர் வரவில்லையா என்பது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அதைப் போடுகிறவள் புருஷனோடு வாழ்கிற கட்டுக்கழுத்தியாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு நான் ஒரே அக்கா. முகூர்த்த நேரத்தில் "நாத்தனார் எங்கே?" என்று ஐயர் கேட்க, மண்டபமே என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் பார்க்கும். அந்த நிமிஷத்தை நான் மனசுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேமராவை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தால் யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

இப்போது புரியும், எனக்கு ஏன் இரண்டாவது கேமரா தேவைப்பட்டது என்று. பஞ்சர் ஒட்டிய கேமரா மேடையில் நின்றுவிட்டால், அத்தனை பேருக்கு முன்னால் நான் வெறுங்கையோடு நிற்க வேண்டும். கலைக்காக, ஆவணத்துக்காக என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் பயத்துக்காகத்தான் வாங்கினேன்.

மதுரையில் இன்னும் ஃபிலிம் போட்டு எடுக்கிற கிறுக்குகள் கொஞ்சம் பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஒருவரையொருவர் மாப்ள என்பார்கள், என்னை மட்டும் மேடம் என்பார்கள். ஸ்பேராக ஒரு கேமரா வேண்டும், லென்ஸ் என்னிடம் இரண்டு இருக்கிறது, உடம்பு மட்டும் எது வாங்கலாம் என்று கேட்டேன். தேன்கூட்டில் கல்லெறிந்த கதையாகிவிட்டது. என்னிடம் இருப்பதையே இன்னொன்று வாங்குங்கள், கை தேடாது என்றார் ஒருவர். இரண்டும் ஒரே வயசு, ஒரே நோய், இரண்டும் ஒரே நாளில் படுத்துவிட்டால் மேடம் என்ன செய்வார் என்றார் அடுத்தவர். ரஷ்யக்காரன் செய்த ஒன்று இருக்கிறது, மலிவு, கீழே விழுந்தால் தரைதான் உடையும் என்றார் மூன்றாமவர். அதில் ஒரு விதி உண்டு. ஷட்டரை, அதாவது உள்ளே இருக்கும் திரையை, இழுத்த பிறகுதான் அதன் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே பல்சக்கரம் போய்விடும். அவசரத்தில் இருக்கிற எனக்கு அப்படி ஒரு விதி தோதுப்படாது. லென்ஸோடு ஒட்டியே வருகிற சின்ன ஜப்பான் கேமரா போதுமே என்று நான் மெல்லக் கேட்டதற்கு, அது ஸ்பேர் இல்லை மேடம், அது வேற கேமரா என்று எல்லோருமே ஒன்றுசேர்ந்து கோபித்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஓய்வு வகுப்புகளில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் படித்த படிப்பைப் பத்தாம் வகுப்பில் படித்திருந்தால் டாக்டர் ஆகியிருப்பேன். எந்தக் கேமராவின் ஜன்னல் பெரிது, எதில் அந்தக் கட்டம் வெயிலில் மங்கும், எதன் திரை துணி, எதன் திரை உலோகம் எல்லாம் மனப்பாடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர், ஏதோ வரன் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நல்ல இடமா என்று ரகசியமாகக் கேட்டார். பழசு, ஆனால் நல்ல கண்டிஷன் என்றேன். அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. போனில்தான் படம் எடுக்கலாமே என்றாள். ஃபிலிமில் எடுத்தால் அது தனி என்றேன். தனியாக இருந்து என்ன கண்டோம் என்றாள். கேமராவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

குழுவில் ஒருவர் தெற்கு மாசி வீதிப் பக்கம் சேலைக்கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். கடைக்கு மேலேயே வீடு. அங்கே ஒரு பீரோ நிறையப் பழைய கேமரா வைத்திருக்கிறார் என்பதால் ஒரு சனிக்கிழமை போனேன். வெள்ளை வேட்டியை விரித்து, சேலை எடுத்துப் போடுவது போலவே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தொட்டுப் பாருங்கள், வெயிட்டைப் பாருங்கள், இந்தக் கலர் இப்போது வருவதே இல்லை என்றார். எதையாவது நான் கையில் எடுத்து, இது சரியாக இருக்கும் போலிருக்கிறதே என்றால் உடனே வாங்கித் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். இது ஒங்களுக்கு வேணாம் மேடம், வேற காட்டுறேன் என்பார். விற்கிற மனசே இல்லாத வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி தங்கள் பாஷையில் அவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போங்கள் டீச்சர், பீரோவில் சேலை வைக்க இடமில்லை என்றார்.

கடைசியில் கடைக்காரர்தான் கேட்டார். "மேடம், ஸ்டுடியோக்காரங்க எப்படியும் வாராங்க. அன்னைக்கு ஒங்க கேமரா நின்னு போச்சுன்னா யாருக்கு என்ன நட்டம்?"

பள்ளியில் எத்தனையோ இன்ஸ்பெக்டர்களுக்குப் பதில் சொன்னவள் நான். சொந்தத் தம்பி கல்யாணம், அது ஒரு ஆவணம் என்று என்னவோ உளறினேன். அவர் மனைவி என் கழுத்தைப் பார்த்தார். அங்கே கேமரா வார் மட்டும்தான் இருந்தது. பிறகு அவர் புருஷனிடம் ஒரே வார்த்தை சொன்னார். அவர் எழுந்து போய், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அதுவரை காட்டாத ஒன்றை எடுத்துவந்து வைத்தார்.

ஜப்பான்காரன் செய்த உடம்பு. என் லென்ஸ் அதில் கச்சிதமாக மாட்டியது. உள்ளே துணி இல்லை, உலோகத் திரை. என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் நல்லது, வெயிலில் வைத்துவிட்டு நுங்கு தின்னலாம். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல், அமுக்கினால் தகர டப்பா மூடுவது போல டப் என்னும். பேட்டரி இல்லாமல் வேலை செய்யாது. அதற்காக ஸ்பேர் பேட்டரியும் வாங்கினேன். அந்த ஸ்பேர் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வண்டி ஓட்டும்போது யோசித்துக்கொண்டே போய் ஆனையூர் திருப்பத்தைத் தாண்டிவிட்டேன். விலையை இங்கே எழுத மாட்டேன், அம்மா வாசிப்பாள்.

சோதித்துப் பார்க்க ஒரு ரோல் போட்டுக்கொண்டு சமயநல்லூர் பக்கம் போனேன். ரோட்டோரம் நின்று டீக்கடை, நிறுத்தியிருந்த லாரி, புளியமரம் என்று எடுத்தேன். இரண்டு கேமராவிலும் ஒரே இடத்திலிருந்து ஒரே படம், ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக. டீக்கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ரோட்டை இன்னும் அகலப்படுத்தப் போறாகளாம்மா? எம்புட்டுத் தூரம் எடுப்பாக?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, சும்மா எடுக்கிறேன் என்றேன். சும்மா யாராவது இரண்டு கேமராவை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் நிற்பார்களா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் கிளம்பும்போது அவர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படங்கள் இரண்டும் ஒன்று போலவே வந்திருந்தன.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காரியம் நடந்தது. நான் உள் அறையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் சித்தப்பா மகளோடு பேசுகிறாள் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவள் திருப்பூரில் இருக்கிறாள், தம்பியைவிடச் சின்னவள். புருஷன், பிள்ளை, வாய் நிறையப் பேச்சு.

"நீதான்டி அவனுக்குத் தங்கச்சியா நின்னு முடிச்சுப் போடணும்," என்றாள் அம்மா. "பெரியவ அன்னைக்குப் போட்டோ புடிக்கிறால்ல. அவளுக்கு எங்க நேரம் இருக்கப்போகுது?"

நான் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. நான் மாசக்கணக்காக அலைந்து கேமராவுக்கு ஸ்பேர் தேடிய அதே நாட்களில், வீட்டில் எனக்கு ஒரு ஸ்பேர் பார்த்து முடித்துவிட்டார்கள். அளவு சரி, பூட்டும் சரியாக விழும், கழுத்தில் தாலியும் இருக்கிறது. என் தேர்வைவிட நல்ல தேர்வு என்று சொல்ல வேண்டும். அம்மா மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கோபத்தைவிட வலி அதிகம். அவள் என்னை ஒதுக்கியதுகூட இல்லை அந்த வலி. நான் ஒளிந்துகொள்ளத் தேடிய இடத்தை அவளும் கண்டுபிடித்து, என்னைக் கையைப் பிடித்து அங்கேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். கூடத்துக்கு வந்து, யார் போனில் என்று கேட்டேன். சித்தப்பா மகள்தான், சும்மா பேசினேன் என்றாள். நல்லா இருக்கிறாளா என்றேன். இருக்கிறாள் என்றாள். இரண்டு பேரும் அன்றைக்குக் கீரை ஆய்ந்தோம்.

கல்யாணத்தன்று விடிவதற்குள் சோழவந்தான் மண்டபத்துக்குப் போய்விட்டோம். பட்டுச்சேலைக்குக் குறுக்கே இரண்டு வார்களை மாறி மாறிப் போட்டுக்கொண்டு, இடுப்புப் பையில் ஃபிலிமும் பேட்டரியுமாக நான் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்துத் தம்பி கும்பிட்டான். காவலுக்கு வந்த போலீஸ் மாதிரி இருந்ததாம். ஸ்டுடியோக்காரர்கள் முதலில் மரியாதையாகவும் பிறகு எரிச்சலாகவும், கொஞ்சம் தள்ளுங்க மேடம், ஃப்ரேமில் வருகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், எந்த ஸ்டுடியோ தாயி என்று கேட்டார். சொந்த ஸ்டுடியோ என்றேன். தன் வீட்டில் எத்தனை விசேஷம் வந்தாலும் இனி இந்த அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருவர்கூட வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வந்த ஒரு பெரியம்மாவையும், கொஞ்சம் சிரிங்க பெரியம்மா என்று கேமரா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவைத்தேன்.

இரண்டு கேமராவும் பிசகில்லாமல் வேலை செய்தன. பஞ்சர் ஒட்டிய இடம் தாங்கியது. பேட்டரி தாங்கியது. இத்தனை நல்லபடியாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

முகூர்த்த நேரம் வந்தது. மேடையின் இடது ஓரத்தில், தாலி கட்டும்போது இரண்டு பேர் முகமும் தெரிகிற இடத்தை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தேன். பெண்ணுக்குப் பின்னால் சித்தப்பா மகள் போய் நின்றுகொண்டாள். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. நான் கட்டத்துக்குள் தம்பியின் கையைக் கொண்டுவந்தேன். இரண்டு கை, இரண்டு மஞ்சள் கயிறு. திருகினேன். ஒன்றாகச் சேர்ந்தது. கெட்டிமேளம் கொட்டியது, அமுக்கினேன். முதல் முடிச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு கட்டத்துக்குள் எதுவும் அசையவில்லை. தம்பி கயிற்றின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். சித்தப்பா மகள் கையை நீட்டவில்லை. கேமராவை இறக்கிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ வா," என்றாள்.

மேளச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டு மறுபடியும் கேமராவைத் தூக்கினேன். அவள் மேடையைச் சுற்றி என் பக்கமே வந்துவிட்டாள். கை வேலையாக இருக்கிறது, நீயே போடு என்றேன். அம்மா சொல்லியிருக்கிறாள் அல்லவா என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் வாயில் வந்துவிட்டது.

"பெரியம்மா சொன்னாங்க, நானும் சரின்னேன். நேத்து அந்தப் பொண்ணு எங்கிட்டக் கேட்டுச்சு, மதினி இருக்கையில நீங்க எதுக்குன்னு. நான் என்ன பதில் சொல்ல?" என்றாள். "அதான் ரெண்டு வச்சிருக்கேல்ல. ஒண்ண எனக்கு மாட்டி விடு. நான் ஒன் வேலையப் பாக்குறேன்."

இத்தனை மாசம் தேடி, குழுவோடு சண்டை போட்டு, மாசி வீதி ஏறி இறங்கி வாங்கிய ஸ்பேர் கேமரா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் அதை என் கழுத்திலிருந்து உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதை அமுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மேடையில் ஒரு ஓரமாக, கையில் அட்சதையோடு நின்றுகொண்டிருந்தாள். என் கல்யாணத்தில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் என்ன ஆனது என்பதும் தெரியும். மகனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்கிற பயம் அவளுக்கு. என் கை பட்டால் ஆகிவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல முடியாது, எனக்கே அது இருந்தது. அவள் உதடு அசைந்தது. ஐயர் நேரம் ஆகிறது என்றார்.

"வெரசாப் போடு," என்றாள் அம்மா. "புள்ள எம்புட்டு நேரம் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பான்?"

எப்படிப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை. தம்பி கயிற்றை என் கையில் கொடுத்தான். அவன் விரல் ஈரமாக இருந்தது. மஞ்சள் வாசனை, மல்லிகை வாசனை, பெண்ணின் பின்கழுத்தில் வியர்வை. கண் கலங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, திருகிச் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. குனிந்ததும் என் கழுத்தில் மிச்சமிருந்த பஞ்சர் ஒட்டிய கேமரா முன்னால் ஆடிப்போய்ப் பெண்ணின் முதுகில் இடித்தது. நான் பதறிப் பின்னால் இழுத்தேன், மறுபடியும் போய் இடித்தது. கைக்கு இரண்டு வேலை இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

அவள் திரும்பவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"இடிச்சா இடிக்கட்டும் மதினி," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மெதுவாப் போடுங்க, நான் எங்கயும் போகல."

அந்த நேரத்தில் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. சித்தப்பா மகள் அமுக்கிவிட்டாள். அந்தக் கேமரா அந்தக் கல்யாணத்தில் அவள் கையால் எடுத்த ஒரே படம் அது. அடுத்த படத்துக்கு ஃபிலிமைத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுவிப் பார்த்தபோது மேடையில் கட்டியிருந்த வாழைமரம் இலை நரம்பு வரைக்கும் துல்லியமாக வந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் கலங்கலாக, யார் கை யாருடையது என்று தெரியாமல் இருந்தோம். குழுவில் அதைப் போட்டால் சிரிப்பார்கள் என்று போடவில்லை.

இரண்டாவது முடிச்சைப் போட்டேன். என் அழுகை அடங்கவில்லை, மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. ஸ்டுடியோக்காரர் முன்னால் வந்து விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பாருங்க மேடம் என்றார். நான் பார்க்கவில்லை. மூன்றாவது முடிச்சைப் போட்டு, இறுக்கி, அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். அட்சதை தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போக வேண்டும், நான் கையை எடுக்கிற மாதிரி இல்லை.

"போதும்மா," என்றார் அவர். "அவுழாது."

நான் அதற்குப் பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.